மழைக்கால நாகர்கோவிலில் மிட்டாயை உருக்கிக் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்ய இயலுமா?

கேள்வி: கோட்டாறு ஆசிரியை, நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் மறைக்கல்விப் பிள்ளைகளுடன் சேர்ந்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடவும் குடிலில் பொருத்தவும் மிட்டாயை உருக்கி அலங்காரப் பொருள்கள் செய்ய விரும்புகிறேன். ஒளி ஊடுருவும் பழ மிட்டாய்களை உடைத்து, பிஸ்கட் வெட்டும் தகர அச்சுகளுக்குள் பரப்பி, ஓவனில் உருக்கி ஆறவிட்டால் நட்சத்திரமும் மணியும் வானதூதரும் கண்ணாடியில் வார்த்தவை போலக் கிடைக்கின்றன. பின்னால் ஒரு சிறு விளக்கை ஏற்றிவிட்டால் எங்கள் ஆலயத்துச் சன்னல்களில் வெயில் இறங்கும் வேளையின் நிறங்கள் அத்தனையும் அவற்றில் தெரிகின்றன. பிள்ளைகளுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கைவேலையை நான் கண்டதில்லை.

கடந்த ஆண்டு வீட்டில் செய்தவை ஓரிரு நாள்களிலேயே பிசுபிசுக்கத் தொடங்கின. மேற்பரப்பு மங்கியது, விரல் பட்ட இடமெல்லாம் பதிந்தது, நூல் கோத்த துளை நீண்டு வடிவமே தளர்ந்து இறங்கிவிட்டது. எறும்புகளும் நூல் வழியே வந்து சேர்ந்தன. வடகிழக்குப் பருவமழை எங்கள் மாவட்டத்தில் டிசம்பரிலும் முழுமையாக ஓய்வதில்லை. கடற்காற்றோ ஆண்டு முழுவதும் உண்டு. நான் படித்த செய்முறைகள் எல்லாம் குளிர்நாடுகளில் இருப்போர் எழுதியவை. அவற்றில் காற்றின் ஈரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்தப் பிசுபிசுப்பு ஏன் உண்டாகிறது? கடையில் வாங்கிய மிட்டாயை உருக்குவது நல்லதா, சீனியை நாமே பாகு காய்ச்சி ஊற்றுவது நல்லதா? திருவருகைக் காலத்தின் கடைசி ஞாயிறன்று செய்பவற்றை ஜனவரி 6, மூவரசர் திருநாள் வரை காப்பாற்ற வழி உண்டா? இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: அடுமனைக்காரர், சென்னை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சென்னையில் அடுமனைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதே சிக்கலை ஒவ்வொரு டிசம்பரிலும் சந்திக்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் வழியும் தெளிவாகும் என்பதால் முதலில் அதைச் சொல்கிறேன்.

நாம் கடையில் வாங்கும் சர்க்கரை படிகமாக இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதைத் தண்ணீரில் கரைத்து 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி வேகமாக ஆறவிட்டால், மூலக்கூறுகள் வரிசைப்பட நேரமில்லாமல் அப்படி அப்படியே உறைந்துவிடுகின்றன. ஆகவே கெட்டி மிட்டாய் என்பது உண்மையில் ஒரு கண்ணாடிதான். அதற்குள் எஞ்சியிருக்கும் தண்ணீர் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு மட்டுமே. இவ்வளவு உலர்ந்த பொருள் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டைத் தாண்டினாலே இது தொடங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் உங்கள் ஊரின் ஈரப்பதம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. படிகச் சர்க்கரைக்கு உள்ளதைப் போல இந்தக் கண்ணாடிக்கு உறுதியான உருகுநிலை கிடையாது. நன்கு உலர்ந்த மிட்டாயே 40, 50 டிகிரியை நெருங்கும்போது மெல்ல இளகத் தொடங்கும். ஈரம் ஏற ஏற இந்த அளவு கீழே இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் அறையின் சாதாரண வெப்பமே அதை இளக்கப் போதுமானதாகிவிடுகிறது. உங்கள் நட்சத்திரம் தளர்ந்து இறங்கியதற்கு இதுதான் காரணம். அடுப்பின் சூடு அங்கே தேவைப்படவே இல்லை.

கடை மிட்டாயா, வீட்டுப் பாகா என்ற கேள்விக்கு என் பதில் வீட்டுப் பாகு என்பதே. பழ மிட்டாய்களில் புளிப்புக்காகச் சிட்ரிக் அமிலமோ மாலிக் அமிலமோ சேர்த்திருப்பார்கள். தொழிற்சாலையில் பாகைக் காய்ச்சி முடித்த பிறகே அமிலத்தைச் சேர்ப்பது வழக்கம்; கொதிக்கும்போது சேர்த்தால் அது சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிளந்துவிடும். ஃப்ரக்டோஸ் ஈரத்தை இழுப்பதில் சர்க்கரையைவிடப் பல மடங்கு வேகமானது. அந்த மிட்டாயை நாம் மீண்டும் ஓவனில் வைத்து உருக்கும்போது, அவர்கள் தவிர்த்த அந்தப் பிளவை நம் கையாலேயே நடத்திவிடுகிறோம். பாகு பூத்துப் போகாமலிருக்க, அதாவது மீண்டும் படிகமாகாமலிருக்க, எலுமிச்சைச் சாறு பிழியும் நம் வீட்டு வழக்கமும் இதே விளைவைத் தரும் என்பதால், இந்த வேலைக்கு மட்டும் எலுமிச்சை வேண்டாம். அதற்குப் பதிலாக, கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸைப் பயன்படுத்துங்கள். அதுவும் படிகமாவதைத் தடுக்கும். ஆனால் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது.

அடிகனமான பாத்திரத்தில் 400 கிராம் சர்க்கரை, 150 கிராம் லிக்விட் குளுக்கோஸ், 150 மில்லிலிட்டர் தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துச் சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்த பிறகு கரண்டியை உள்ளே விடக் கூடாது. பாத்திரத்தின் ஓரங்களில் தெறித்து ஒட்டிய சர்க்கரையை நனைத்த தூரிகையால் துடைத்து இறக்கிவிடுங்கள். ஒரு சிறு படிகம் உள்ளே விழுந்தாலும் மொத்தப் பாகும் பூத்துவிடும். வெப்பமானி 148 டிகிரி காட்டும்போது அடுப்பை அணைத்துவிடலாம், எஞ்சிய சூட்டில் மேலும் ஓரிரு டிகிரி தானே ஏறும். வெப்பமானி இல்லாதவர்கள் கடலை மிட்டாய்க்குப் பதம் பார்க்கும் முறையையே பின்பற்றலாம்: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்து வளைத்தால், வளையாமல் டக்கென்று ஒடிய வேண்டும். 160 டிகிரியைத் தாண்டினால் பாகு பழுப்பேறும். வெள்ளை, நீலம் போன்ற நிறங்கள் அதன் பிறகு அமையா. கொப்புளங்கள் அடங்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்து, நிறம் சேர்த்து, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றுங்கள்.

மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஆறும்போதே பாகு காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும்.

நேரமின்மையால் கடை மிட்டாயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், ஓவனை 150 டிகிரியில் வைத்து, அருகிலேயே நின்று, துண்டுகள் உருகி அச்சின் விளிம்பைத் தொட்டவுடன் வெளியே எடுத்துவிடுங்கள். பால் கலந்த டாஃபி வகைகள் இதற்கு ஆகா. அவை உருகுவதற்குள் கருகும். அடியில் விரிக்கும் தாளிலும் கவனம் தேவை. பட்டர் பேப்பர் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் சில மெழுகு பூசியவை. ஓவனின் சூட்டில் அந்த மெழுகு உருகிப் புகையும். சிலிக்கான் பூசிய பேக்கிங் தாளோ சிலிக்கான் விரிப்போ மட்டுமே பாதுகாப்பானது. ஆறவைக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதையும் தவிருங்கள். வெடுக்கென்று குளிர்ந்தால் விரிசல் விழும், வெளியே எடுத்ததும் நீர் பூத்துப் படியும்.

ஆறிய உடனே, கைபொறுக்கும் சூடு இருக்கும்போதே, ஒவ்வொன்றையும் ஒளி ஊடுருவும் சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டுச் சூட்டால் ஒட்டிவிடுவதுதான் நம் ஊருக்கு நம்பகமான ஒரே வழி. உறைக்கு மேலே நூல் கட்டித் தொங்கவிட்டால் எறும்புக்கும் இடமில்லை. உறை தெரிவது சற்று அழகைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் மூவரசர் திருநாள் வரை என்று நீங்கள் கேட்டிருப்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

மறுமொழி 2: பெத்லகேம் தமிழர், பென்சில்வேனியா

வணக்கம். நான் வசிக்கும் ஊரின் பெயரே பெத்லகேம். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவான மொரேவிய சபையார் 1741ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் சூட்டிய பெயர் அது. மிட்டாய் வார்ப்பு இந்தப் பகுதியின் பழைய பழக்கங்களில் ஒன்று என்பதால் சில செய்திகளைப் பகிர்கிறேன்.

பென்சில்வேனியாவில் ஜெர்மானிய வழிவந்த குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குக் கிளியர் டாய் கேண்டி எனப்படும் பொம்மை மிட்டாய்களைச் செய்து வந்தன; இன்றும் சில பழைய மிட்டாய்க் கடைகள் அவற்றைக் கைவிடாமல் வார்க்கின்றன. மான், ஆடு, கப்பல், ரயில் எஞ்சின், கூடை என வடிவங்கள் பல இருந்தாலும் மரபான நிறங்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய மூன்றுதான். இரண்டு பாதிகளாகப் பிரியும் உலோக அச்சை எண்ணெய் தடவி இறுகக் கட்டி, அடிப்புறத் திறப்பின் வழியே பாகை ஊற்றி, கெட்டியானதும் பிரித்து எடுப்பார்கள். 1864இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்ட தாமஸ் மில்ஸ் அண்ட் பிரதர் என்ற நிறுவனம் இத்தகைய அச்சுகளுக்குப் பெயர்பெற்றது. அதன் பழைய அச்சுகளைச் சேகரிப்போர் இப்போதும் தேடி வாங்குகிறார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் பார்லி பொம்மை என்ற பெயரில் இதே மரபு உண்டு.

இங்கே இவை கெடாமல் இருப்பதற்குச் செய்பவரின் திறமை மட்டும் காரணமன்று. உறைநிலைக்குக் கீழே இருக்கும் வெளிக்காற்றில் நீராவி மிகக் குறைவாகவே இருக்கும். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாக்கப்படும்போது, அதன் ஈரப்பதம் பல நாள்களில் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. உதடு வெடிக்கும், கதவுப்பிடியைத் தொட்டால் மின்பொறி தெறிக்கும்; மிட்டாய்க்கோ அதுவே உகந்த வீடு. அடுமனைக்காரர் ஐயா குறிப்பிட்ட அளவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், குளிர்நாட்டுச் செய்முறைகளில் ஈரத்தைப் பற்றிப் பேச்சே இல்லாததன் காரணம் விளங்கும்.

எனினும் இங்குள்ள முறையிலிருந்து இரண்டு செய்திகள் உங்களுக்குப் பயன்படலாம். ஈரம் மேற்பரப்பின் வழியாகவே நுழைகிறது. தட்டையான மெல்லிய தகட்டில் எடையை ஒப்பிட மேற்பரப்பு மிக அதிகம். திரண்ட பொம்மையில் அது குறைவு. எனவே மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் செய்வதைவிட ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமனில் செய்தால் உள்ளிருக்கும் பகுதி நெடுநாள் உறுதியாக நிற்கும். அதற்கும் மேலே தடிமனைக் கூட்டினால் ஆறும்போது விரிசல் விழும் வாய்ப்பும் கூடும் என்பதால், ஊற்றிய தட்டின்மேல் துணியைப் போர்த்தி மெல்ல ஆறவிடுங்கள்.

மற்றொன்று, தொங்கவிடும் முறை. மிட்டாயில் துளையிட்டு நூல் கோத்தால் முழு எடையும் ஒரு சிறு புள்ளியில் தொங்குகிறது. இளகத் தொடங்கியதும் முதலில் அறுந்து போவது அந்த இடம்தான். அச்சிலிருந்து மிட்டாயைப் பிரிக்காமல் தகர அச்சோடு சேர்த்தே விட்டுவிடுங்கள். அச்சே சட்டமாக நிற்கும். ரிப்பனை அச்சின் மேல் விளிம்பில் கட்டலாம். ஓரம் தளர்ந்தாலும் வடிவம் கெடாது. திருநாள் முடிந்து சுடுதண்ணீரில் போட்டால் மிட்டாய் கரைந்து, அடுத்த ஆண்டுக்கு அச்சு திரும்பக் கிடைத்துவிடும்.

மறுமொழி 3: மல்லேஸ்வரம் பாட்டி, பெங்களூரு

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். மேலே எழுதிய இருவரும் அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆயினும், ஈரத்தை இழுக்கும் பொருளையே எடுத்துக்கொண்டு அதை உறையிலும் சட்டத்திலும் இட்டுக் காப்பாற்றுவதைவிட, ஈரத்தை எளிதில் இழுக்காத சர்க்கரையைக் கொண்டு செய்வதே முறை என்று நான் கருதுகிறேன்.

கர்நாடகத்தில் மகர சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொடுக்கும் தாம்பாளத்தில் சக்கரை அச்சு என்ற வெண்மையான பொம்மைகளையும் வைப்பது வழக்கம். நெடுங்காலமாகப் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எங்களைப் போன்ற பலரும் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறோம். மீன், கோழி, யானை, துளசி மாடம், கோபுரம் எனப் பல வடிவங்களில் மர அச்சுகள் உண்டு. இந்தப் பொம்மைகள் கண்ணாடி மிட்டாய் அல்ல. பாகை வேண்டுமென்றே பூக்கவிட்டு மீண்டும் படிகமாக்கி வார்ப்பவை. சர்க்கரைப் படிகம், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 விழுக்காட்டை எட்டும்வரை ஈரத்தை வாங்கிக் கரைவதில்லை. உங்கள் வீட்டு டப்பாவில் சீனி மழைக்காலத்திலும் உதிரியாகவே இருப்பதும், அதே அலமாரியில் பிரித்து வைத்த மிட்டாய் பிசுபிசுப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

செய்முறையைச் சொல்கிறேன். மர அச்சுகளைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்து, இரு பாதிகளையும் ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டி நிமிர்த்தி வையுங்கள். ஊறாத மரம் பாகைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரையை அது மூழ்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, இரண்டு கரண்டி பால் ஊற்றினால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை எடுத்துவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிறகு அந்தப் பாகிலிருந்து இரண்டு மூன்று கரண்டி மட்டும் சிறு பாத்திரத்தில் எடுத்து, கம்பிப் பதம் தாண்டிக் கெட்டிப்படும்வரை காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கி விடாமல் கிளற வேண்டும். தெளிவாக இருந்த பாகில் வெண்மை படரத் தொடங்கும் அந்த நொடியில் அச்சுக்குள் ஊற்றிவிட வேண்டும். முன்னதாக ஊற்றினால் உறையாது, பிந்தினால் பாத்திரத்திலேயே கட்டியாகிவிடும். இதனால்தான் சிறிது சிறிதாகக் காய்ச்சச் சொல்கிறேன். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் அச்சைப் பிரித்துவிடலாம். தொங்கவிட வேண்டுமானால், ஊற்றிய உடனே நூலின் முடிச்சை ஊற்றுவாயில் அமிழ்த்திவிடுங்கள். பாகு இறுகும்போது முடிச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

மர அச்சு கிடைக்காவிட்டால் சாக்லேட் வார்க்கும் சிலிக்கான் அச்சுகளில் நட்சத்திரமும் மணியும் கிடைக்கின்றன. அவற்றிலும் இது நன்றாக வரும், ஊறவைக்கவும் தேவையில்லை. தொட்டால் ஒட்டாது, விரல் பதியாது, வாயில் போட்டால் கரைந்துவிடும். பிள்ளைகளின் கைவேலைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

கோட்டாறு ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை விரிவாகவும் காரணத்தோடும் எவரேனும் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மா சொன்ன படிகப் பொம்மைகள் மரத்துக்கு மிகவும் ஏற்றவை என்று தோன்றுகிறது. வெண்மையான புறாவும் நட்சத்திரமும் பச்சைக் கிளைகளில் எடுப்பாக இருக்கும். ஆனால் குடிலுக்கு என் விருப்பம் வேறு. மாட்டுத்தொழுவத்தின் பின்சுவரில் சிறு சன்னல்கள் வைத்து, அவற்றில் மிட்டாய்க் கண்ணாடி பொருத்தி, உள்ளிருந்து விளக்கொளி வரவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். படிகச் சர்க்கரையின் வழியே ஒளி தெளிவாக ஊடுருவாது அல்லவா? எனவே சன்னலுக்குக் கண்ணாடி மிட்டாயையே நாட வேண்டியிருக்கிறது.

இதுபற்றி இன்னும் சில ஐயங்கள். ஐசோமால்ட் என்ற பொருள் ஈரத்தைத் தாங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையா, பிள்ளைகள் உண்டால் தீங்கு உண்டா? தொடர் விளக்குகளின் சூடு சன்னலை இளக்கிவிடுமா? குடில் தரையில் வைக்கோல் பரப்பி அமைவது. எறும்பை எவ்வாறு தடுப்பது?

மறுமொழி 4: அடுமனைக்காரர், சென்னை

சன்னலுக்குக் கண்ணாடி, மரத்துக்குப் படிகம் என்று நீங்கள் பிரித்துக்கொண்டது மிகச் சரி. அம்மாவின் கருத்தை மரத்தைப் பொறுத்தவரை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: பெங்களூரின் ஜனவரி மாதம் உலர்ந்தது. நாகர்கோவிலில் அடைமழை பெய்யும் இரவுகளில் ஈரப்பதம் 85 விழுக்காட்டையும் தாண்டும். அத்தகைய இரவுகளில் படிகப் பொம்மைகளையும் எடுத்துக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிட்டு, காலையில் மீண்டும் மாட்டுங்கள். டப்பாவின் அடியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைக்கலாம், அவை பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

ஐசோமால்ட் பீட்ரூட் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் ஒரு சர்க்கரை ஆல்கஹால். பெரிய விடுதிகளில் காட்சிக்கு வைக்கும் சர்க்கரைச் சிற்பங்களை இன்று பெரும்பாலும் இதில்தான் செய்கிறார்கள். சர்க்கரையைவிட ஈரத்தை மிகக் குறைவாக இழுக்கும், எளிதில் பழுப்பேறாது, தண்ணீர் சேர்க்காமலே உருக்கலாம், மீண்டும் மீண்டும் உருக்கினாலும் தெளிவு குறையாது. உங்கள் சன்னல்களுக்கு இதுவே முதல் தேர்வு. விலை சர்க்கரையைப் போலப் பல மடங்கு என்றாலும், உள்ளங்கை அளவுள்ள நான்கைந்து சன்னல்களுக்கு அரை கிலோ தாராளமாகப் போதும். இனிப்பு சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி. சிறிது உண்பதால் தீங்கில்லை. மிகுதியாகத் தின்றால் வயிறு உப்பிப் பேதியாகும். ஆகவே பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பதைப் படிகப் பொம்மைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விளக்கைப் பொறுத்தவரை, பழைய இழை பல்புகள் கொண்ட தொடர் விளக்குகள் வேண்டவே வேண்டாம். அவற்றின் அருகில் வைத்த மிட்டாய் எளிதில் இளகும் வெப்பத்தை எட்டிவிடும். வைக்கோல் உள்ள குடிலில் அவை தீ அபாயமும் கூட. எல்இடி விளக்குகளைச் சன்னலிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, இடையில் ஒரு வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டால் ஒளி பரவலாகி, கண்ணாடி முழுதும் சீராக ஒளிரும். பெத்லகேம் அன்பர் சொன்னபடி சன்னலைத் தகரச் சட்டத்திலேயே வார்த்துவிடுங்கள். குடிலில் சன்னலின் வெளிப்புறம் யாரும் தொடப்போவதில்லை என்பதால், இருபுறமும் மெல்லிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டால் உறை இருப்பதே தெரியாது. வெளிப்பூச்சாக வார்னிஷ் தெளிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் பூசிய பிறகு அது உணவு அல்ல, தோற்றத்திலோ மிட்டாயாகவே இருக்கும்; பிள்ளைகள் கூடும் இடத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 5: செவிலியர், தூத்துக்குடி

பிள்ளைகள் சேர்ந்து செய்யும் வேலை என்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று எழுதுகிறேன். தீக்காயங்களுக்கு மருந்திடும் பணியில் நான் காண்பவற்றில், சர்க்கரைப் பாகு பட்ட காயம் கொதிநீர் பட்ட காயத்தைவிட ஆழமானது. கொதிநீர் 100 டிகிரி, பாகு 150 டிகிரி. நீர் வழிந்தோடிவிடும், பாகு தோலிலேயே ஒட்டிக்கொண்டு சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். ஆகவே பாகு காய்ச்சுவதும் ஊற்றுவதும் பெரியவர்களின் வேலையாகவே இருக்கட்டும். அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்காத அளவு இடைவெளி விடுங்கள், பாத்திரத்தின் கைப்பிடி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, முழுக்கைச் சட்டை அணிந்துகொள்ளுங்கள்.

தவறிப் பட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். பாகு அதிலேயே இறுகிப் பின் கரையும். பிய்த்து எடுக்க முயன்றால் தோலும் சேர்ந்து வந்துவிடும். பனிக்கட்டி, பற்பசை, மை, இட்லி மாவு எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் எழுந்தாலோ, காயம் முகத்திலோ கையிலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ, உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு மிட்டாய்களை நிறவாரியாகப் பிரிப்பது, அச்சில் எண்ணெய் தடவுவது, ஆறியவற்றை உறையிலிடுவது, ரிப்பன் கட்டுவது என வேலைகள் நிறைய உள்ளன. நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கெட்டி மிட்டாய் மூச்சுக்குழாயில் அடைக்கக்கூடியது. மரத்தின் கீழ்க்கிளைகளில் அவற்றைத் தொங்கவிடாதீர்கள். உடைந்த கண்ணாடி மிட்டாயின் ஓரம் கையைக் கிழிக்கும் கூர்மை உடையது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மறுமொழி 6: மல்லேஸ்வரம் பாட்டி, பெங்களூரு

எறும்பைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் மீண்டும் வருகிறேன். அந்நாளில் நெய் ஜாடியும் பலகாரப் பாத்திரமும் வைத்த அலமாரியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவோம். கிறிஸ்துமஸ் மரத்தின் தொட்டியையும் அதேபோல அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள். கிளைகள் சுவரையோ திரைச்சீலையையோ தொடக் கூடாது; மின்கம்பியும் தரையைத் தொட்டுக்கொண்டு மேலே போகக் கூடாது, எறும்புக்கு அதுவே பாலமாகிவிடும். கம்பியை மேலிருந்து இறக்குங்கள். தண்ணீருக்கு அருகில் மின் இணைப்புகள் எதுவும் இருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிலைத் தரையில் நேரடியாக அமைக்காமல் ஒரு பலகையின்மேல் அமைத்து, பலகையின் கால்களுக்குக் கிண்ணம் வைத்துவிட்டால் போதும். வைக்கோல் பலகையைத் தாண்டித் தொங்காமல் ஓரங்களை வெட்டிவிடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

வேலை முடிந்ததும் பாகு ஒட்டிய பாத்திரங்களைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்தால் தானே கரைந்துவிடும். மர அச்சு வாங்கினால் அதை வெந்நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி எடுத்து வையுங்கள்; வெயிலில் காய்ந்தால் இரு பாதிகளும் வளைந்து மறுமுறை பொருந்தாமல் போய்விடும்.